மாரிக்கும் எனக்கும் ஒரே முழங்கால்

எங்கள் தெருவில் யாருக்காவது முழங்கால் மாற்று அறுவை என்று முடிவானால், பெரும்பாலும் என் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுத்தான் போவார்கள். போடியில் எனக்கு முன்பே பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள், கேட்டால் பொறுமையாகச் சொல்வேன் என்று ஒரு பெயர் இருக்கிறது. மயக்க ஊசி எங்கே போடுவார்கள், எப்போது எழுந்து நடக்கலாம், தையல் எப்போது பிரிப்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். சேலையை விலக்கித் தழும்பைக்கூடக் காட்டுகிறேன். புறப்படும்போது வாசலில் தயங்கி நின்று, "உங்க அக்காவுக்கு…" என்று இழுப்பார்கள். அதற்கு மட்டும் நின்றபடி பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. அதை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மாரியும் நானும் இரட்டைப் பிள்ளைகள். முத்துமாரி, முத்துலட்சுமி. ராசிங்காபுரத்தில் பிறந்தோம். சற்று முந்தி வந்ததால் அவள் அக்கா. முகம், முடி, குரல், தும்மல் எல்லாம் ஒன்றுதான். அடுத்த அறையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டால் யார் கூப்பிட்டது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பத்தாம் வகுப்பில் நான் தேறினேன், அவள் கணக்கில் தோற்றுப்போனாள். எங்கள் இருவரையும் பிரித்தது அந்த ஒரு பாடம்தான். நான் மேலே படித்து வேலைக்குப் போய் போடியிலேயே வாழ்க்கைப்பட்டேன். அவளைத் தங்கராசு மச்சானுக்குக் கொடுத்தார்கள். போடிமெட்டைத் தாண்டி மலைச்சரிவில் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. அவள் ஜீப்பேறி மேலே போனாள்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். குந்தி உட்கார்ந்தால்தான் எடுக்க முடியும். ஒரு தூர் முடிந்ததும் எழுந்து, வழுக்குகிற சரிவில் ஓர் எட்டு வைத்து, அடுத்த தூரில் மறுபடி குந்த வேண்டும். மழையிலும் அதே வேலை. நிறைந்த மூட்டையைத் தலையில் வைத்து உலர்த்தும் ஸ்டோருக்கு ஏற வேண்டும். மாரியின் வாழ்நாள் அப்படிப் போயிற்று. என் வாழ்நாள் நாற்காலியில் போயிற்று.

முழங்கால் வலி எனக்குத்தான் முதலில் தொடங்கியது. பள்ளிக்கூடப் படியேறும்போது ஒரு குத்தல், மடக்கினால் கல்லில் கல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். நான் அதை ஊரெல்லாம் சொன்னேன். தைலம், ஒத்தடம், மாத்திரை எதையும் விடவில்லை. மாரியிடம் போனில் கேட்டால், "கொழப்பமில்ல" என்பாள். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள ஆட்களோடு பழகி அவளிடம் ஒட்டிக்கொண்ட சொல் அது, ஒன்றும் பிரச்சினையில்லை என்று அர்த்தம். உடம்பு எப்படி என்றாலும் கொழப்பமில்ல, மழை எப்படி என்றாலும் கொழப்பமில்ல.

என் மகள் கவிதாவுக்கு வளைகாப்பு நடந்தபோது மாரி கீழே இறங்கி வந்தாள். பந்தி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒருக்களித்துச் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, தூணைப் பிடித்து எழுந்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன.

"மாரி, என்னடி இது கால்?"

"கால்தான். வேற என்ன?" என்று சிரித்தாள். "சோலி கெடக்கு, வெரசாப் போகணும். ஜீப்ப விட்டா ராத்திரிதான்."

அன்று அவளை நான் விடவில்லை. மறுநாளே தேனிக்கு அழைத்துப் போய் இருவரும் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரிய வேண்டும், அதுதான் குருத்தெலும்பு இருக்கும் இடம் என்றார். என் படத்தில் அது ஒரு கோடாக இருந்தது. மாரியின் படத்தில் எலும்பும் எலும்பும் ஒட்டி நின்றன.

"மூட்டுத் தேய்மானம். ரெண்டு பேருக்குமே முத்திருச்சு. பெரியம்மாவுக்கு ரொம்ப முத்திருச்சு," என்றவர், மாரியின் காலை ஒரு தடவை மடக்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டா மலையேறுறீங்க?" என்று கேட்டார்.

மாரி என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணக் கவலை பெரிதாக இல்லை. வெள்ளாமையை விட்டு வர மாரி தயங்கினாள். மச்சான்தான் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "காய நான் ஆள வச்சு எடுத்துக்கிறேன். நீ காலப் பாரு."

எலும்புப் பிரிவின் காத்திருப்பு அறையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தோம். அங்கே நேரம் வேறு மாதிரி நகரும். எல்லோரும் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களை மட்டும் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு இளம் பெண் டாக்டர் எங்களைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார். டாக்டர் நிவேதா. அவர் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ரெட்டையரா?"

"பாத்தாத் தெரியலையா டாக்டரு?" என்றாள் மாரி.

அவர் எங்கள் நடுவில் உட்கார்ந்து பேசிய விஷயத்தை என் சொல்லில் சொல்கிறேன். எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின.

மூட்டுவலி என்றால் செருப்புத் தேய்வது மாதிரி தேய்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்களாம். இப்போது அது மட்டும் இல்லை என்று தெரிந்திருக்கிறது. மூட்டைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. குருத்தெலும்பு சிதைந்து துணுக்குகள் உதிரும்போது, அந்தச் சவ்வில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏதோ பகை வந்துவிட்டதென்று விழித்துக்கொள்கின்றன. கிருமியோடு சண்டை போட வேண்டியவை சொந்த மூட்டிலேயே சண்டை போடத் தொடங்குகின்றன. அவை வெளியிடும் பொருட்களால் குருத்தெலும்பு மேலும் சிதைகிறது. துணுக்குகள் மேலும் உதிர, சண்டையும் வளர்கிறது.

இன்னொன்றும் சொன்னார். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. குருத்தெலும்பைக் கட்டும் மரபணு ஒன்று சோர்ந்து கிடக்கும், அதை அரிக்கும் பொருளைச் செய்யச் சொல்லும் மரபணு மும்முரமாக இருக்கும். எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஏலச்செடியைத் தூர் பிரித்து நடுவார்கள். ஒரே தாய்த்தூர்தான், ஆனாலும் நிழலில் வைத்தது ஒரு மாதிரி வளரும், வெயில் படுகிற மேட்டில் வைத்தது வேறு மாதிரி வளரும். மாரியும் நானும் அப்படி நடப்பட்டவர்கள்.

அறுவையின்போது வெட்டி எடுக்கும் குருத்தெலும்பிலும் சவ்விலும் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று டாக்டர் கேட்டார். தராவிட்டாலும் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றார்.

"இதுனால எனக்கு நல்லாயிருமா?" என்று மாரி கேட்டாள்.

"இல்லம்மா. உங்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது. நோய நிறுத்துற மருந்து இன்னும் யார்கிட்டயும் இல்ல. பின்னாடி வர்றவங்களுக்குக் கண்டுபிடிக்க இது உதவலாம். அதுவும் உறுதியில்ல."

"உள்ளதச் சொன்னீக," என்றாள் மாரி. "எப்படியும் வெட்டி எறியிறதுதானே. எடுத்துக்கங்க."

எங்களைப் பற்றி என்ன தெரிந்தாலும் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். சொல்கிறேன், ஆனால் இரண்டு பேரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பிறகு பரிசோதனைகள். ரத்தம், சிறுநீர், இதயப் படம், நெஞ்சுப் படம். பல்லில் சீழ் இருந்தால்கூட அறுவைக்கு ஆகாது என்று பல் டாக்டரிடமும் அனுப்பினார்கள். எனக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தன. மாரிக்கு ஒன்றுமே இல்லை. "ஒக்காந்து வேல பாத்தா இப்படித்தான்," என்று எனக்குப் புத்தி சொன்னாள். இருவரில் எனக்குத்தான் ஆபத்து அதிகம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சில மாதங்கள் கழித்து எங்கள் முறை வந்தபோது இரண்டு கட்டில்கள் போட்ட அறை ஒன்று கிடைத்தது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கவிதா எங்கள் இருவருக்கும் துணையாக வந்து இருந்தாள். மாரி அந்த அறையில் சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் உங்களுக்கு வினோதமாக இருக்கும். ஆனால் இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே அறையில் இத்தனை நாள் தங்கியதே இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துகிற கைப்பிடியைச் சுற்றச் சொல்லி ஏறுவாள், இறங்குவாள். மருத்துவமனை இட்லியை நொட்டை சொல்லிக்கொண்டே தின்பாள். அடையாளத்துக்காக நர்ஸ் எங்கள் கையில் பேர் எழுதிய பட்டையைக் கட்டியபோது, "இப்பத்தான் எங்களுக்கே நிம்மதி. யாரு யாருன்னு தெரியும்," என்றாள்.

தினமும் பொழுது சாயும் நேரத்தில் மச்சான் போன் செய்வார். அவர்கள் தோட்டத்தில் டவர் கிடைக்காது. மேலே ஒரு பாறை இருக்கிறது. வேலை முடிந்து அந்தப் பாறையில் ஏறி நின்றால்தான் பேச முடியும். "மாரி, சாப்பிட்டியா?" என்றுதான் எப்போதும் தொடங்குவார். அவள் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவர் எத்தனை மூட்டைக் காய் இறங்கியது என்று சொல்வார். அவ்வளவுதான் பேச்சு.

முதலில் மாரிக்கு வலது காலில் செய்தார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். பிசியோ சொல்லிக் கொடுத்த பெண் ஆச்சரியப்படும்படி நடந்தாள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள், இறுக்கமான காலுறை மாட்டினார்கள். அதற்கும் மறுநாள் எனக்குச் செய்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். வலிக்காது. ஆனால் சத்தம் கேட்கும். தச்சுப் பட்டறைச் சத்தம். அறுப்பதும் தட்டுவதும் நம் உடம்பில்தான் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி படுத்திருப்போம். இதை நான் விசாரிக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

என் அறுவைக்கு அடுத்த நாள் காலையில் பிசியோ பெண் வந்து என் காலை மடக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்று அழுதேன். உண்மையிலேயே உயிர் போகிற வலி. மாரி வாக்கரைத் தள்ளிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள்.

"ஏண்டி, சின்னப் புள்ளையா நீயி? மடக்கு. இன்னைக்கு மடக்கலைன்னா பெறகு மடங்காதாம்."

"உனக்கு வலிக்கலையா மாரி?"

"கொழப்பமில்ல. மடக்கு நீ."

என் குதிகாலுக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். அந்தக் கையில் ஏலக்காய்க் கறை ஏறியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போவதில்லை. அந்தக் கையின் மேல் என் காலை இழுத்து மடக்கினேன்.

மதியம் சாப்பிட்ட பிறகு கவிதா அவளைக் குளியலறைக்கு அழைத்துப் போய் வந்தாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவள், நெஞ்சில் கை வைத்தாள்.

"என்னமோ மூச்சு முட்டுதுடி லெச்சுமி," என்றாள்.

அவள் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. கவிதா கத்தினாள். நர்சுகள் ஓடி வந்தார்கள். முகமூடி வைத்தார்கள், யாரோ நெஞ்சை அழுத்தினார்கள், கட்டிலைச் சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கவிதாவும் பின்னால் ஓடினாள். என் வாக்கர் எட்டாத தூரத்தில் சுவரோரம் நின்றது. காலை இறக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டில் இல்லாத அந்த இடத்தைப் பார்த்தபடி கிடந்தேன்.

கவிதா வெகுநேரம் கழித்து வந்தாள். "பெரியம்மாவ ஐசியுவுல வச்சிருக்காங்கம்மா," என்றாள். முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, சிறுவயதிலிருந்தே வராது. அவள் பின்னால் அறுவை செய்த டாக்டரே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பிப் போய் நுரையீரல் குழாயை அடைத்துவிட்டது என்றார். "ஊசி போட்டோம், காலுறை போட்டோம், மறுநாளே நடக்கவும் வச்சோம். அவ்வளவும் செஞ்சும் ஒருசிலருக்கு இது வந்துருதும்மா. மீட்டுக் கொண்டு வர எங்களால முடியல." அவர் கண்களும் கலங்கியிருந்தன. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மச்சானுக்கு எப்படிச் சொல்வது என்று கவிதா வெளியே நின்று தன் அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் டவர் இல்லாததால் அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. என் வீட்டுக்காரர் மேலே போகிற ஜீப் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது என் மேசைமேல் மாரியின் போன் அடித்தது. பொழுது சாய்ந்திருந்தது.

எடுக்காமல் விடலாம் என்று நினைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, "ஆங்" என்றேன்.

"மாரி, சாப்பிட்டியா?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"என்னடி, கால் நோகுதா? இன்னைக்கு நல்ல காய் எறங்கிருக்கு. மழ வேற விட்டிருச்சு. என்ன சத்தத்தையே காணோம்?"

"மச்சான்," என்றேன்.

மாரி அவரை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. அவள் கூப்பிடுவது 'ஏங்க' என்று. அந்த ஒரு சொல்லில் அவருக்குப் பேசுவது யார் என்று தெரிந்துவிட்டது. மாரியின் போனை நான் ஏன் எடுத்தேன் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பாறையில் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் கேட்டார்.

"எப்ப லெச்சுமி?"

சொன்னேன்.

மாரியை ஆம்புலன்சில் மலைக்குக் கொண்டு போனார்கள். வளைவுகளில் காலை நீட்டி உட்கார்ந்து வர முடியாது, தையல் பிரிந்துவிடும் என்று என்னை அனுப்பவில்லை. கவிதா போனாள். என் வீட்டுக்காரர் என்னோடு இருந்தார். அவள் தாய் வயிற்றில் இருந்தபோது பக்கத்தில் இருந்தவள் நான். மண்ணுக்குள் போகும்போது பக்கத்தில் இல்லை.

அடுத்த நாளே பக்கத்துக் கட்டிலுக்கு உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். "கூட யாரும் பொம்பளையாளு இல்லையா?" என்று என்னைக் கேட்டார். என் வீட்டுக்காரர் அவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அதன் பிறகு அந்த அம்மா தன் வீட்டிலிருந்து வந்த ரசத்தில் பாதியை ஒரு டம்ளரில் ஊற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் கிளம்பும்வரை வைத்தார்.

பிசியோ பெண் வந்தாள். வேண்டாமென்று திரும்பிப் போகப் பார்த்தாள். நான் மடக்குகிறேன் என்றேன். வலித்தது. வாய்விட்டு அழுதேன். அந்த நாட்களில் நான் தயங்காமல் அழ முடிந்தது அந்த ஒரு நேரத்தில்தான். காலை மடக்கும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து கால் தேறியது. முதலில் வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு அதுவும் இல்லாமல். ஆனால் மச்சான் கீழே வரவே இல்லை. காரியத்துக்கு என் வீட்டுக்காரரும் கவிதாவும்தான் போனார்கள். போனில் கவிதாவிடம் பேசுவார். நான் வாங்கி இரண்டு வார்த்தை பேசினால் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் வைத்துவிடுவார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. தலை சீவக் கண்ணாடி முன் நிற்பதை நானே விட்டிருந்தேன்.

பல மாதங்கள் கழித்து டாக்டர் நிவேதா போன் செய்தார். மாரியிடம் எடுத்ததை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வதா, விலக்கிவிடுவதா என்று அவள் வீட்டாரிடம் கேட்க வேண்டும் என்றார். அவள் சம்மதம் எழுத்தில் இருக்கிறது, ஆனாலும் கேட்காமல் இருக்க மனசு வரவில்லை என்றார். கவிதா மூலம் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். வேண்டும், வேண்டாம் என்று ஒரு சொல் வரும் என்று எதிர்பார்த்தேன். அவரே நேரில் வருவதாகச் சொன்னார்.

மதுரையில் டாக்டரின் சிறிய அறையில் உட்கார்ந்தோம். மச்சான் மெலிந்து, தாடி நரைத்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கணினித் திரையில் மணலைச் சிதறவிட்ட மாதிரி வண்ணப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் உயிரணு என்றார் டாக்டர். இடப்பக்கம் என்னுடையது, வலப்பக்கம் மாரியுடையது.

"இது உசுரோட இருக்கா?" என்று மச்சான் கேட்டார்.

"இல்லங்கய்யா. எடுத்த உடனே ஒரு திரவத்துல போட்டுட்டோம். அந்த நேரம் அந்த அணுக்கள் என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சோ, அது அப்படியே நின்னுரும். அதத்தான் படிச்சிருக்கோம்."

"அப்ப அன்னைக்கிக் காலையில அவ முழங்கா என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு இதுல இருக்கு."

"ஓரளவுக்கு இருக்கு."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் பென்சிலால் காட்டினார். ரத்தப் பரிசோதனையில் எங்கள் மரபணுக்கள் ஒன்றே என்று உறுதியாகியிருந்தது. ஆனால் மாரியின் சவ்வில் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு கிடந்தன. வேண்டாததை விழுங்கிச் சுத்தம் செய்கிற வகை அணுக்கள்கூட அமைதியாக இல்லாமல் சண்டைக்காரர்களாக மாறியிருந்தன. குருத்தெலும்பைக் கட்டுகிற மரபணுக்கள் அவளிடம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன, அரிக்கிறவை உச்சத்தில் இருந்தன. என்னிடமும் அதெல்லாம் உண்டு. அவளோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

"அவளுக்கு வலிச்சிருக்குமா?"

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "வலிய இத வச்சு அளக்க முடியாதுங்கய்யா. ஒரே மாதிரி மூட்டு இருக்கிற ரெண்டு பேருக்கு வேற வேற அளவுல வலிக்கும். ஆனா இந்த அளவு அழற்சி இருக்கிற மூட்டுல வலி இல்லாம இருந்திருக்கும்னு என்னால சொல்ல முடியல."

"எம்புட்டு வருசமா?"

"அது இதுல தெரியாது. பல வருசம் இருக்கலாம்."

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல," என்றார். டாக்டரிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை. "கூடவேதான் குந்தி காய் எடுப்பா. எனக்கு முந்தி ஒரு வரிச முடிச்சிருவா."

வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் மெல்லக் கேட்டார்.

"வச்சுக்கங்கம்மா. அவ குடுத்தது. நான் எப்படித் திருப்பிக் கேக்க?"

போடி பஸ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உசிலம்பட்டி தாண்டும்வரை அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. என் குரல் அவரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பஸ் கணவாய் ஏறும்போது, முகத்தைத் திருப்பாமலேயே சொன்னார்.

"ஏதாச்சும் பேசிக்கிட்டு வா லெச்சுமி."

"என்ன பேசட்டும் மச்சான்?"

"என்னத்தையாச்சும். நான் கேட்டுக்கிட்டு வர்றேன்."

கவிதாவின் பிள்ளை நடக்கப் பழகுவதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னேன். தேனி விளக்குகள் தெரியும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கவில்லை.

மறுநாள் காலை அவரோடு நானும் ஜீப்பேறி மலைக்குப் போனேன். மாரியை அடக்கம் செய்த இடம் தோட்டத்தின் ஓரத்தில், சரிவில் இருக்கிறது. மண்மேட்டைச் சுற்றிக் கல் பதித்திருந்தார்கள். புது முழங்கால் வைத்தவர்கள் தரையில் உட்காரக் கூடாது, குந்தவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த மண்ணைத் தொட வேண்டும் போல இருந்தது. முடியவில்லை. நின்றபடியே நின்றேன்.

மச்சான் வீட்டுப் பக்கம் ஏறிப் போனார். திரும்பி வரும்போது தலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. வழுக்குகிற சரிவில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கி வந்தார். மண்மேட்டுக்குப் பக்கத்தில் போட்டார். ஈரமண்ணில் கால்கள் புதைந்தன. நான்கு தட்டையான கற்களைப் பொறுக்கி வந்து அடியில் கொடுத்தார். அசைத்துப் பார்த்தார்.

"உக்காரு. எம்புட்டு நேரம்னாலும் இரு. நான் இங்கதான் காய் எடுத்துக்கிட்டு இருப்பேன்."

உட்கார்ந்தேன். அவர் பக்கத்துத் தூரில் போய்க் குந்தினார். குந்தும்போது முழங்கால் சொடுக்கியது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

"வலிக்குதா மச்சான்?"

அவர் கை சரத்தின் மேல் நின்றது. இலைகளில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்குது லெச்சுமி," என்றார்.